ஓடியவனா, தொலைந்தவனா?

ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் மில்வோக்கி என்றொரு நகரம் உண்டு. 2017-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்நகரைச் சேர்ந்த விமானப்படை வீரர் ஒருவர் வீட்டை விட்டுச் சென்றார், திரும்பி வரவில்லை. படைச்சேவையின் பின் அவர் மனநோயுற்றிருந்தார். குடும்பத்தார் பொலிசாரிடம் ஓடினர்; நோயின் தன்மையை எடுத்துரைத்தனர்; உடனே தேடவேண்டும் என்று மன்றாடினர். ஆனால் காணாமற் போனவரோ வயதுவந்த ஆண்மகன், குழந்தையுமல்லர், மூப்படைந்தவருமல்லர். பேராபத்துக்குள்ளானவர் என்ற வகுப்பில் அவரைச் சேர்ப்பதற்கு அப்பொழுதிருந்த விதிகளில் இடம் காணப்படவில்லை. சில வாரங்கள் கழிந்த பின்னர், அந்நகரத்துப் பூங்கா ஒன்றின் குளத்தில் அவருடைய உடல் கண்டெடுக்கப்பட்டது.

அவரைப் பெற்றவளும் உடன்பிறந்தவர்களும் அழுதுவிட்டு ஓய்ந்திருக்கவில்லை. மாநிலச் சட்டசபையின் வாயிலை நாடினர். செனற்றர் லாற்றோன்யா ஜோன்சன் அவர்களின் குறையை மசோதாவாக்கினார். 2018-ஆம் ஆண்டில் கவர்னர் ஸ்கொற் வோக்கர் ஒப்பமிட, அது சட்டமாயிற்று. ‘பச்சை அறிவித்தல்’ என வழங்கும் அத்திட்டம், இறந்த அவ்வீரரின் பெயரையே தாங்கி நிற்கிறது. சேவையில் உள்ள படைவீரரோ, சேவையிலிருந்து நீங்கியவரோ, சேவை காரணமாக உடல்நோயோ மனநோயோ உற்றவரென அறியப்பட்டவர் காணாமற் போனால், அச்செய்தி பொதுமக்களுக்கு விரைவாக அறிவிக்கப்படல் வேண்டும் என்பதே அதன் சாரம். அறிவிப்பதற்கென்று இணைந்திருக்கும் கடைக்காரர், செய்தித்தாபனத்தார், குடிமக்கள் ஆகியோருக்குத் தொலைபேசிச் செய்தியாகவும் மின்னஞ்சலாகவும் அது செல்லும். 2019-ஆம் ஆண்டில் ரெக்சாஸ் மாநிலமும், படையாட்களின் பல்நிற உடைக்கு வழங்கும் பெயரையே சூட்டி, ‘கமோ’ அறிவித்தல் என்று ஒரு சட்டம் இயற்றியது. மூளைக்காயம் பட்டவர்களையும் போரதிர்ச்சியால் மனங் கலங்கியவர்களையும் அது பெயர்சொல்லிச் சேர்த்துக்கொண்டது.

இராணுவம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே எம்மவர் நெஞ்சில் எழும் உணர்ச்சிகளை நாம் அறியாதவர்கள் அல்லேம். அமெரிக்கச் சிப்பாய்க்காகத் தமிழர் பத்திரிகை ஒன்று எதற்காகக் கவலைப்பட வேண்டும் என வாசகர் சிலர் வினவவும் கூடும். அவ்வினாவுக்குப் பின்னர் வருவோம். முதலில் இத்திட்டத்தின் அடிப்படையை நோக்குவோம்.

எமது கமக்காரருக்கு இதனை விளக்க அதிகம் வேண்டியதில்லை. பட்டியிலிருந்து ஒரு மாடு தொலைந்துவிட்டால் என்ன செய்கிறோம்? குறி இன்னது, நிறம் இன்னது, கொம்பு இப்படி என்று அயற்கிராமங்களுக்கெல்லாம் சொல்லியனுப்புகிறோம். வயலுக்குப் போகிறவனும் குளக்கட்டால் வருகிறவனும் கண்ணை விழித்துக்கொண்டு போகிறார்கள். அன்று மாலைக்குள் மாடு அகப்படுகிறது. இரண்டு நாள் பொறுத்திருந்து பார்ப்போம் என்று எந்தக் கமக்காரனும் சொல்வதில்லை. தொலைந்த பொருளை ஒருவன் தேடுவதிலும் ஊர் தேடுவது மேல், நாளை தேடுவதிலும் இன்றே தேடுவது மேல் என்ற பழைய அறிவையே அமெரிக்கர் சட்டமாக்கியிருக்கின்றனர். 1996-ஆம் ஆண்டில் ரெக்சாஸில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கடத்திக் கொல்லப்பட்டபோது, கடத்தப்பட்ட குழந்தைகளுக்கென ‘அம்பர்’ அறிவித்தல் பிறந்தது. பின்னர் மறதிநோய் கொண்ட முதியோருக்கென ‘வெள்ளி’ அறிவித்தல் வந்தது. குழந்தைக்கும் கிழவருக்கும் இடையில் உள்ளவன் தன்னைத் தானே பார்த்துக்கொள்வான் என்று அரசு எண்ணியிருந்தது. போர்க்களம் கண்டவன் விஷயத்தில் அந்த எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை மில்வோக்கிக் குளம் காட்டிற்று.

படைவீரன் காணாமற் போவதற்கும் ஏனையோர் காணாமற் போவதற்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. ஆசிரியரோ எழுதுவினைஞரோ வேலைக்கு வராவிட்டால் ‘என்ன நேர்ந்ததோ’ என்று கேட்பர். சிப்பாய் வராவிட்டால் ‘ஓடிவிட்டான்’ என்பர். முதற் கேள்வி தேடலுக்கு இட்டுச் செல்கிறது. இரண்டாவது கூற்றோ பிடியாணைக்கு இட்டுச் செல்கிறது. இக்கொடுமை நேற்று இன்று தோன்றியதன்று. முதலாம் உலக யுத்தத்தில், குண்டு வெடிப்பின் அதிர்ச்சியால் பேச்சிழந்தும் நடுங்கியும் வந்த சிப்பாய்களைப் பற்றி டாக்டர் சார்ல்ஸ் மயர்ஸ் 1915-ஆம் ஆண்டிலேயே ‘லான்செற்’ வைத்தியச் சஞ்சிகையில் எழுதினார். எழுதியும் என்ன? ஹரி ஃபார் என்னும் இளம் சிப்பாய் அதே ஆண்டில் அவ்வதிர்ச்சிக்காக மாதக்கணக்கில் வைத்தியசாலையில் கிடந்தவர். எழுதுகோல் பிடிக்கவும் இயலாதபடி கை நடுங்கிற்று; மனைவிக்குக் கடிதங்களைத் தாதி ஒருத்தியே எழுதிக் கொடுத்தாள். அவரை மீண்டும் போர்முனைக்கு அனுப்பினர். இனி முடியாது என்று அவர் நின்றபோது, கோழை என்று தீர்ப்பிட்டு, 1916 ஒக்டோபரில் சுட்டுக் கொன்றனர். ஓடினர், அஞ்சினர் என்னும் இத்தகைய குற்றங்களுக்காக அந்த யுத்தத்தில் பிரித்தானியப் பேரரசின் படைகளிற் சுடப்பட்ட 306 பேருக்கு 2006-ஆம் ஆண்டிலேதான் பாராளுமன்றம் மன்னிப்பு வழங்கிற்று. ஃபாரின் மகளுக்கு அப்போது வயது 93. தொண்ணூறு ஆண்டு அவமானத்தைச் சுமந்த பின் அக்குடும்பம் பெற்றது ஒரு காகிதம்.

அமெரிக்காவில் வியட்நாம் யுத்தம் முடிந்து திரும்பியவர்களின் நிலை கண்டு, 1980-ஆம் ஆண்டில் மனநோய் வைத்தியர் சங்கம் தன் கைந்நூலில் இந்நோயை முறையாகச் சேர்த்துக்கொண்டது. நோய் நூலில் ஏறிற்று. பாசறையின் மனம் அத்துணை விரைவில் மாறவில்லை. ரெக்சாஸின் ஃபோர்ட் ஹூட் பாசறையில் ஒரு சிப்பாய் காணாமற் போனார். ஓடியவர் எனப் பதிந்துவிட்டனர். 2020 ஜூனில் அவருடைய எலும்புகள் பாசறைக்குச் சமீபமான வெளியொன்றிற் கிடைத்தன. அதன் பின்னரே பதிவைத் திருத்தி, இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்வதற்கு இணங்கினர். அதே காலத்தில், அதே பாசறையில், இளம் பெண் சிப்பாய் ஒருத்தி கொலையுண்ட செய்தியும் வெளிவர, நாடே கொதித்தது. விசாரணைக் குழு அமர்ந்தது. 2020 டிசம்பரில் அமெரிக்க இராணுவம் ஒரு புதிய விதி செய்தது: வராத சிப்பாயை உடனே ஓடியவன் எனப் பதியாமல், ‘காரணம் அறியாது வராதவர்’ எனப் பதிந்து, 48 மணித்தியாலத்துக்குள் அவர் தம் இச்சையாற் சென்றாரா அல்லரா என ஆராய வேண்டும், குடும்பத்துக்கும் அறிவிக்க வேண்டும். ஒரு சொல்லைத் திருத்துவதற்கு இத்தனை உயிர்கள் வேண்டியிருந்தன!

இத்திட்டத்திற் குறையே இல்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. குறைகள் உள, அவற்றுட் சில பாரதூரமானவை. வயதுவந்த ஒருவருக்குத் தம் வீட்டை விட்டுப் போகும் உரிமை உண்டு. தனித்திருக்க விரும்பியவரை ஊர் முழுவதும் துரத்துவது தேடலாகாது. இன்னொன்று: இன்னார் மனநோயுற்றவர் என்று ஆயிரமாயிரம் பேரின் கைத்தொலைபேசியில் அறிவித்துவிட்டால், அவர் உயிரோடு அகப்பட்ட பின்னர் அச்செய்தியை யார் திரும்பப் பெறுவது? நாளை அவருக்கு யார் வேலை கொடுப்பர்? தம் நோய் ஒருநாள் பறையறைந்து சொல்லப்படும் என்ற அச்சத்தால் வைத்தியரிடமே போகாதிருக்கும் சிப்பாய்களும் உண்டாவர். அது தேடும் சட்டத்தால் தொலைவோரைப் பெருக்குவதாய் முடியும். ஆயுதப் பயிற்சி பெற்ற பித்தன் ஒருவன் உலாவுகிறான் என்ற பீதியும் மக்களிடையே எழக்கூடும்; கலங்கிய மனத்தோடு நிற்பவன் முன்னே துவக்கோடு பொலிசார் வந்து நின்றால் விளைவது யாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அன்றியும், நாள்தோறும் அறிவித்தல்கள் வந்துகொண்டேயிருந்தால் மக்கள் அவற்றைப் படியாமலே தள்ளிவிடுவர்.

இவற்றையெல்லாம் எடைபோட்ட பின்னும் நாம் அறிவித்தலின் பக்கமே நிற்கின்றோம். 2022-ஆம் ஆண்டில் மாத்திரம் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட முன்னாட் படையினர் 6,407 பேர் என அந்நாட்டு அரசின் திணைக்களமே கணக்குக் கூறுகின்றது. இவர்களுள் எல்லோரும் காணாமற் போனவர்கள் அல்லர். அறிவித்தல் ஒன்றினால் எல்லோரையும் காத்திருக்கலாம் என்று கூறுவோர் தம்மையே ஏமாற்றிக்கொள்கின்றனர். ஆயினும், இவர்களுள் சிலருக்கேனும் வீட்டை விட்டு இறங்கிய நேரத்துக்கும் இறுதி நேரத்துக்கும் இடையே சில மணித்தியாலங்கள் இருந்தன. அந்த மணித்தியாலங்களில் எவரேனும் கண்டு ‘வா, இரு, தண்ணீர் குடி’ என்று சொல்வதற்கு வாய்ப்பளிப்பதே அறிவித்தல். அறிவித்தலில் நோயின் பெயர் வேண்டாம். உருவம், உடை, வாகனம், கடைசியாகக் காணப்பட்ட இடம், கண்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பன போதும். ‘உதவி தேவைப்படுபவர்’ என்ற இரு சொற்கள் மற்றதைச் சொல்லிவிடும். கண்டெடுக்கப்பட்டவுடன் அறிவித்தல் அழிக்கப்படல் வேண்டும்; முதலில் அணுகுபவர் துவக்குக்காரராக அன்றி இப்பணியிற் பயின்றவராக இருத்தல் வேண்டும். 2018-ஆம் ஆண்டின் இறுதியில் காணாமற் போன வயதுவந்தோருக்கென ‘அஷாந்தி’ அறிவித்தற் சட்டத்தையும் அமெரிக்க மத்திய அரசு இயற்றியது. 2024 ஓகஸ்டில் அதற்கான தனிக் குறியீடு ஒன்றை அந்நாட்டுத் தொடர்புச் சாதன ஆணைக்குழு ஏற்றுக்கொண்டது. ஆகவே படையாளுக்கு மாத்திரம் சலுகையா என்ற ஆட்சேபத்தின் வலிமையும் ஓரளவு குன்றிவிட்டது.

இனி, எமக்கென்ன என்ற வினாவுக்கு வருவோம். காணாமற் போனவரைத் தேடுவது யாதென்று உலகில் எந்த மக்களுக்கும் தமிழர் கற்பிக்கலாம். 2017-ஆம் ஆண்டு முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் படங்களை ஏந்தியமர்ந்த தாய்மாருட் பலர் விடைபெறாமலே இறந்து போயினர். 2016-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமற் போனோர் அலுவலகம், வலிந்து காணாமற் செய்யப்பட்டோரையும் யுத்தத்திற் காணாமற் போன படையினரையும் ஒரே வரைவிலக்கணத்துள் அடக்குகின்றது. எங்கள் தாய்மாரும் தெற்கின் சிப்பாய்த் தாய்மாரும் ஒரே வாயிலில் நிற்க நேர்ந்திருப்பதை எத்தனை பேர் கவனித்திருக்கின்றனர் என்பது ஐயம். ஆயின் அந்த அலுவலகம் பழைய காலத்துக் காணாமற் போதல்களுக்கு உரியது. இன்று காலை மனங் கலங்கி வீட்டைவிட்டு இறங்கியவனுக்கு உரியதன்று. படையை விட்டு நீங்கியோருக்கு இந்நாடு காலத்துக்குக் காலம் பொதுமன்னிப்பு அளிக்கின்றது. 2024-இல் அளித்தபோது 15,000 பேருக்கு மேற்பட்டோர் அதனைப் பயன்படுத்தி முறையாக விலகினர். அவர்களுள் எத்தனை பேர் ஓடினர், எத்தனை பேர் நோயுற்றுத் தொலைந்தனர் என்ற கேள்வி கேட்கப்பட்டதாக நாம் அறியோம். எமது பக்கத்திலோ, ஆயுதம் ஏந்தி, தோற்று, தடுப்பிலிருந்து மீண்டு, கூலிவேலைக்குப் போகும் ஆணும் பெண்ணும் ஊர்தோறும் உளர். இரவில் எழுந்து நடப்பவர்களை அயலவர் அறிவர். யுத்தம் எமது மக்களின் மனங்களில் விட்டுச்சென்ற வடுக்களைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998-ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதினார். இவர்களுள் ஒருவர் காணாமற் போனால் குடும்பம் பொலிஸ் நிலையத்துக்குப் போகவே அஞ்சுகிறது; பெயரைக் கொடுத்தால் பழைய கோப்பு திறக்கப்படுமோ என்ற அச்சம்.

ஆதலால் வடக்கு, கிழக்கு உறுப்பினர்களிடம் நாம் கேட்பது இது. மனநோயுற்ற எவரும், அவர் எப்படையில் இருந்தவராயினும் எப்படையிலும் இல்லாதவராயினும், காணாமற் போனால் முறைப்பாட்டை அன்றே ஏற்று அன்றே பொதுமக்களுக்கு அறிவிக்கும் சட்டம் ஒன்றைப் பாராளுமன்றத்திற் பிரேரியுங்கள். அறிவித்தலில் நோயின் பெயரோ, புனர்வாழ்வுப் பதிவோ, பழைய இயக்கப் பெயரோ இடம்பெறலாகாது என்ற விதியை முதற் பிரிவிலேயே எழுதுங்கள். முறைப்பாட்டைப் பொலிசாரிடம் மாத்திரமன்றிக் கிராம உத்தியோகத்தரிடமும் அரசாங்க வைத்தியசாலையிலும் கொடுப்பதற்கு வழி வையுங்கள். தெற்கின் உறுப்பினர் சிலரும் இதற்குக் கைதூக்குவர் என்றே நம்புகிறோம். அவர்களுடைய தொகுதிகளிலும் இரவில் எழுந்து நடப்போர் இருக்கின்றனர்.