ஊரைப் பகிடி பண்ண ஊர்க்காரர் வேணும்

ஊரைப் பற்றிப் பாட்டுப் போடுறது எங்கட எஃப்.எம். வானொலிகளுக்கும் யூடியூப்காரருக்கும் ஒரு தொற்று மாதிரி ஆகிவிட்டது. யாழ்ப்பாணம் என்றால் ட்ரோன் கமரா முதலில் நூலகத்துக்கு மேலால் போகும். பிறகு நல்லூர்க் கோபுரம், பிறகு பனை. கடைசியில் வேட்டி கட்டின நாலு பொடியள் பண்ணைப் பாலத்தில் கையை விரிச்சுக்கொண்டு நிற்பாங்கள். நூலகம் வெள்ளை வெளேரென்று மினுங்கும். 1981இல் அது எரிந்த கதை மட்டும் மெட்டுக்குள் அடங்காது போல.

இந்தப் புகழ்ச்சியைவிட, ஒரு வானொலி ஊரைப் பற்றி ஒரு நல்ல பகிடிப் பாட்டுப் போட்டால் அதுதான் ஊருக்குச் செய்கிற மரியாதை என்பேன். ‘ஐயோ, ஊரைக் கேவலப்படுத்துறதோ?’ என்று கேட்கிறவர்களுக்கு நியூபோர்ட் கதையைச் சொல்ல வேணும்.

நியூபோர்ட் வேல்ஸில் உள்ள ஒரு நகரம். பக்கத்திலுள்ள லான்வேர்ன் ஆலையில் 2001இல் உருக்கு உற்பத்தி நின்றுபோனது. நியூயோர்க்கைக் கொண்டாடி ஜே-ஸீயும் அலிஷா கீஸும் பாடிய ‘எம்பயர் ஸ்டேட் ஒஃப் மைண்ட்’ பாட்டை எடுத்து, நியூயோர்க் இருந்த இடத்தில் நியூபோர்ட்டை வைத்து 2010இல் ஒரு வீடியோ வந்தது. இயக்கியவர் எம்.ஜே. டிலேனி. 20 லட்சம் தடவைக்கு மேல் பார்த்தார்கள். உடனே நியூபோர்ட்டின் சொந்த நகைச்சுவை ராப் குழு கோல்டி லுக்கின் செயின் பதிலுக்கு ஒரு பாட்டு விட்டது. அவர்கள் கேட்டது ‘ஏன் பகிடி பண்ணினீர்கள்’ என்றல்ல, ‘நீங்கள் நியூபோர்ட் ஆட்களே இல்லையே’ என்று! சண்டை பகிடியைப் பற்றியது இல்லை, பகிடி பண்ணுற உரிமை யாருக்கு என்பதைப் பற்றியது. அடுத்த வருசம் கொமிக் ரிலீஃப் நிதிதிரட்டலுக்காக வேல்ஸ் பிரபலங்கள் சேர்ந்து அதே பகிடிக்குப் புதிதாய் வாயசைத்தார்கள். அதே ஊரில் 1839 சார்ட்டிஸ்ட் எழுச்சியை நினைவுகூர்ந்த பெரிய மொசைக் சுவரோவியம் ஒன்று இருந்தது. 2013இல் கடைத்தொகுதி கட்டுறதுக்காக நகரசபையே அதை இடித்தது. ஊரைக் கேவலப்படுத்தினது பாட்டோ, புல்டோசரோ?

இனி எங்கட கதை. எங்கட பெரிய தனியார் தமிழ் எஃப்.எம்.களின் கலையகங்கள் இருப்பது கொழும்பில். அங்கே இருந்துகொண்டு, எங்கட ஊரில் ஒருத்தரும் கதைக்காத ஒரு தமிழில் ‘யாழ் மண்ணே’ என்று உருகினால், கோல்டி லுக்கின் செயின் கேட்டதைத்தான் நாங்களும் கேட்க வேண்டியிருக்கும்.

ஊரில் இருக்கிறவன் எழுதினால் என்ன வரும்? ஞாயிற்றுக்கிழமை விடிய ரியூசனுக்குச் சைக்கிள் உழக்குற பிள்ளை வரும். வெளிநாட்டு மாப்பிள்ளை வருவார். சுன்னாகத்தில் கழிவெண்ணெய் கலந்த கிணறு வரும். முக்கியமாக, புதுசா ஒருத்தரைக் கண்டதும் எங்கட பெரியாக்கள் கேட்கிற அந்தக் கேள்வி வரும்: “தம்பி எந்த ஊர்? ஊரில எவடம்? ஆற்றை பொடியன்?” அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ‘விருந்தோம்பும் மண்’ என்று பாடுற எந்தப் பாட்டும் சாதி விசாரிக்கிற இந்த அன்பான குரலைப் பதிவு செய்யாது. பகிடியால் மட்டும்தான் அதைச் சிரிச்சுக்கொண்டே மேடையில் ஏற்ற முடியும். கேட்கிற பெரியவரும் முதலில் சிரிப்பார். சிரிச்சு முடிஞ்ச பிறகுதான் அவருக்குச் சுடும்.

நகைக்கடையும் கல்யாண மண்டபமும் அனுசரணை தருகிற வீடியோவில் இதெல்லாம் வராது, சீதனத்தைப் பற்றி ஒரு வரிகூட வராது. அதனால் காசு கொஞ்சம் குறையும். ட்ரோன் இல்லாமல் போனால் கண்மட்டத்திலேயே படம் எடுக்கலாம், ஊர் அங்கேதான் இருக்கு.

மெட்டுப் பிரச்சினை உண்மைதான். நியூபோர்ட் வீடியோவையும் பதிப்புரிமை முறைப்பாட்டில் யூடியூப்பிலிருந்து தூக்கினார்கள். பிரிட்டன் 2014இல்தான் பகடிக்குச் சட்டத்தில் இடம் விட்டது. எங்கட 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் நியாயப் பயன்பாட்டுப் பிரிவு விமர்சனத்தையும் கருத்துரையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, பகடியைக் குறிப்பிடவில்லை. சினிமா மெட்டை எடுக்கப் பயமென்றால் விடுங்கோ. இணுவிலுக்கு ஒரு பஸ் ஏறினால் தவிலும் நாதஸ்வரமும் இருக்கு.