பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறாரா?

எல்எல்டிபி-யின் டிஃபால்ட் நேரம் என்ன என்று வைவாவில் கேட்டால், "30 செகண்ட், ஹோல்ட் 120" என்று தூக்கத்தில்கூடச் சொல்வோம். ஏன் 120 என்று கேட்டால்? நாம் சார் முகத்தைப் பார்ப்போம், சார் கடிகாரத்தைப் பார்ப்பார்.

விஷயம் சின்னதுதான். ஒவ்வொரு சுவிட்சும் 30 விநாடிக்கு ஒரு முறை, "நான் இன்னார், இந்தப் போர்ட்டில் இருக்கிறேன்" என்று பக்கத்துச் சுவிட்சுக்குக் குரல் கொடுக்கிறது. "அடுத்த குரல் வராவிட்டாலும் 120 விநாடி என்னை மறக்காதே" என்று அதே செய்தியில் சொல்லிவிடுகிறது. ஒன்றிரண்டு குரல் தவறினாலும் பெயர் அழியாது. சிஸ்கோவின் சிடிபி-யில் இது 60, 180. 2005-இல் வந்த ஐஇஇஇ 802.1ஏபி, எல்லாக் கம்பெனிப் பெட்டிக்கும் பொதுமொழி தந்தது.

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சியில் இருந்தேன். "டிராஃபிக் குறையட்டுமே" என்று யாரோ ஒரு சுவிட்சில் டைமரை 180 ஆக்கிவிட்டார்; ஹோல்டு 120-லேயே கிடந்தது. எதிர்ச் சுவிட்சின் பட்டியலில் அது ரெண்டு நிமிஷம் இருக்கும், ஒரு நிமிஷம் காணாமல் போகும். விடிய விடிய அலாரம். லைன் நிற்கவே இல்லை. ஆனாலும் கேபிளை ஆட்டியது நைட் ஷிஃப்ட் டிப்ளமா பையன்தான் என்று மெமோ! மூன்று கேபிள் மாற்றிய பிறகுதான் ஒருவர் கான்ஃபிகரேஷனைத் திறந்து பார்த்தார். (மெமோவை யாரும் திரும்ப வாங்கவில்லை.)

சில நூறு பைட் செய்தியைச் சிக்கனம் பிடித்து என்ன கண்டார்களோ!

அதற்காக "டைமரைத் தொடாதே" என்பதும் சரியில்லை. நடுவில் மீடியா கன்வெர்ட்டர் இருந்தால், அந்தப் பக்கத்துப் பெட்டி செத்தாலும் இந்தப் பக்கம் லிங்க் விளக்கு எரியலாம். பெயரும் ரெண்டு நிமிஷம் உயிரோடு இருக்கும். புரோஃபிநெட்டில் பழுதான கருவியைக் கழற்றிப் புதுசு மாட்டினால், பக்கத்தில் யார் என்பதை வைத்தே கன்ட்ரோலர் அதற்குப் பெயர் தரும். அங்கே 5 விநாடிக்கு ஒரு குரல், 20 விநாடி ஞாபகம். லைன் காத்திருக்கும்போது 30 விநாடி நீண்ட நேரமய்யா!

ஆகவே யூனியன் கேட்க வேண்டியது புது சுவிட்ச் அல்ல. ரெண்டு பழைய சுவிட்ச், நடுவே மீடியா கன்வெர்ட்டர் ஜோடி, ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு மதியம். டைமரையும் ஹோல்டையும் நாமே மாற்றி, ஒரு சுவிட்சின் பவரைப் பிடுங்கி, மற்றதில் பெயர் எப்போது மறைகிறது என்று எண்ண வேண்டும். நம்ம ரெக்கார்டு நோட்டில் அந்தப் பக்கத்தில் இப்போதைக்கு ஒட்டிய படம் மட்டும்தான் இருக்கிறது.