உயிருக்கும் நஞ்சுக்கும் அதே ஐந்து

2018 டிசம்பர் 14. கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டம், ஹனூர் தாலுகா, சுள்வாடி கிராமம். கிச்சுகுத்தி மாரம்மா கோயிலில் கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டும் விழா. பூஜை முடிந்ததும் தக்காளி சாதம் பிரசாதமாக வழங்கப்பட்டது. சாப்பிட்டவர்கள் சற்று நேரத்தில் வாந்தி எடுத்துச் சுருண்டு விழத் தொடங்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் கொள்ளேகாலுக்கும் மைசூருக்கும் ஆஸ்பத்திரி தேடி ஓட வேண்டியிருந்தது. 17 பேர் பிழைக்கவில்லை.

மாதேஸ்வரன் மலை இருப்பதும் இதே தாலுகாவில்தான். 1956 வரை கோவை மாவட்டத்தோடும், பிறகு 1997 வரை மைசூர் மாவட்டத்தோடும் இருந்த மலைநாடு இது. மேட்டூரிலிருந்து பாலாறு வழியாகத் தமிழ்நாட்டு பக்தர்கள் ஆண்டு முழுக்க ஏறி வருகிறார்கள். சுற்றியுள்ள கிராமங்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். பிரசாதத்தைச் சந்தேகிக்கும் பழக்கம் இந்தப் பக்கத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

சாதத்தில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி என்று தடய அறிவியல் சோதனை சொன்னது. அதைக் கலந்தது யார், ஏன் என்பது போலீஸும் நீதிமன்றமும் பார்க்க வேண்டிய விவகாரம். ஆனால் அந்தப் பாட்டிலுக்குள் என்னதான் இருந்தது என்ற கேள்விக்கு நீதிமன்றம் தேவையில்லை. பள்ளிக்கூட வேதியியல் போதும். அதன் பதில் பலரைத் திடுக்கிட வைக்கும்.

மோனோகுரோட்டோபாஸின் ஒரு மூலக்கூறில் 28 அணுக்கள் உண்டு. கார்பன் 7, ஹைட்ரஜன் 14, நைட்ரஜன் 1, ஆக்ஸிஜன் 5, பாஸ்பரஸ் 1. அவ்வளவுதான். பாதரசம் இல்லை, ஆர்செனிக் இல்லை, கேள்விப்படாத பெயர் எதுவும் இல்லை. இதே ஐந்து தனிமங்கள்தான் அரிசியிலும் தக்காளியிலும் இருக்கின்றன. இன்னும் சொல்லப்போனால், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மூக்கையும் முழியையும் கொண்டுசேர்க்கும் டி.என்.ஏ. என்ற மூலக்கூறு இந்த ஐந்தால் மட்டுமே ஆனது. ஆறாவது தனிமம் அதில் கிடையாது. உயிரின் சாசனம் எழுதப்பட்ட எழுத்துக்களும் நஞ்சின் எழுத்துக்களும் ஒன்றே.

அப்படியானால் நஞ்சு எங்கே ஒளிந்திருக்கிறது? அதற்கு அணுவுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

அணு என்பது திடமான குண்டுமணி என்றுதான் 19ஆம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் பலர் நினைத்தார்கள். 1911இல் மான்செஸ்டரில் எர்னஸ்ட் ரூதர்போர்டு அந்த எண்ணத்தை உடைத்தார். அவரது ஆய்வுக்கூடத்தில் மெல்லிய தங்கத் தகட்டின் மீது ஆல்பா துகள்களை ஏவியபோது பெரும்பாலானவை தடையின்றி ஊடுருவிச் சென்றன. ஒரு சில மட்டும் சுவரில் பட்ட பந்து போலத் திரும்பி வந்தன. அணுவின் எடை ஏறக்குறைய முழுவதும் நடுவில் ஒரு நுண்புள்ளியில் குவிந்திருக்கிறது, மற்றதெல்லாம் வெற்றிடம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அந்த நுண்புள்ளிக்கு அணுக்கரு என்று பெயர். மாதேஸ்வரர் கோயில் கருவறையில் வைத்த ஓர் எலுமிச்சம்பழத்தைப் பாஸ்பரஸின் அணுக்கரு என்று வைத்துக்கொண்டால், அதன் எலெக்ட்ரான்கள் உலவும் எல்லை சுற்றிலும் சுமார் அரை கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.

அணுக்கருவுக்குள் இரண்டு வகைத் துகள்கள். நேர் மின்னூட்டம் கொண்ட புரோட்டான், மின்னூட்டமே இல்லாத நியூட்ரான். வெளியே எதிர் மின்னூட்டம் கொண்ட எலெக்ட்ரான்கள். ஓர் அணு எந்தத் தனிமத்தைச் சேர்ந்தது என்பதைத் தீர்மானிப்பது புரோட்டான்களின் எண்ணிக்கை மட்டுமே. ஒன்று என்றால் ஹைட்ரஜன். ஆறு என்றால் கார்பன், ஏழு நைட்ரஜன், எட்டு ஆக்ஸிஜன், பதினைந்து பாஸ்பரஸ். நியூட்ரான் கூடினாலும் குறைந்தாலும் எடை மாறும், ஜாதகம் மாறாது. ஆறு நியூட்ரான் கொண்டதும் கார்பன்தான், எட்டு நியூட்ரான் கொண்டதும் கார்பன்தான். இவற்றை ஐசோடோப்புகள் என்கிறார்கள்.

இந்தப் புரோட்டான் கணக்கைக் கண்டு சொன்னவர் ஹென்றி மோஸ்லி என்ற இங்கிலாந்து இளைஞர். ரஷ்யாவின் மெண்டலீவ் 1869இல் தனிமங்களை அணு எடை வரிசைப்படி அட்டவணையாக்கியிருந்தார். அருமையான அட்டவணை, ஆனால் இரண்டொரு இடங்களில் எடை வரிசை முரண்டு பிடித்தது. 1913இல் மோஸ்லி தனிமங்கள் உமிழும் எக்ஸ் கதிர்களை அளந்தார். வரிசையின் அடிப்படை எடை அல்ல, அணுக்கருவின் மின்னூட்டமே என்று காட்டினார். முரண்டுகள் தீர்ந்தன. அப்போது அவருக்கு வயது 25. இரண்டு ஆண்டுகள் கழித்து முதல் உலகப் போரில் கலிபோலியில் குண்டடிபட்டு இறந்தார். இன்று 118 தனிமங்கள் வரை நீண்டிருக்கும் அந்த அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும் எண் அவர் விட்டுச்சென்றது.

புரோட்டான் பெயரைத் தரும். குணத்தைத் தருவது எலெக்ட்ரான். அதிலும் வெளி அடுக்கில் இருக்கும் எலெக்ட்ரான்கள். பாஸ்பரஸின் 15 எலெக்ட்ரான்கள் 2, 8, 5 என்று மூன்று அடுக்குகளில் அமைந்திருக்கின்றன. வெளியே நிற்கும் அந்த ஐந்துதான் அக்கம்பக்கத்து அணுக்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்கின்றன. இந்த உறவுக்குப் பெயர் வேதிப் பிணைப்பு. யாரோடு, எத்தனை பிணைப்பு, எந்தக் கோணத்தில் என்பதைப் பொறுத்து முற்றிலும் வேறு வேறு பொருட்கள் பிறக்கின்றன.

வேறு தனிமம் சேரக்கூட வேண்டியதில்லை. ஒரே தனிமத்தின் இரண்டு கோலங்களைப் பாருங்கள். 1669இல் ஹாம்பர்க் நகரின் ஹென்னிக் பிராண்டு, தங்கம் செய்யும் ஆசையில் சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சி, இருட்டில் ஒளிரும் ஒரு பொருளைக் கண்டெடுத்தார். அதுதான் வெண் பாஸ்பரஸ். நான்கு பாஸ்பரஸ் அணுக்கள் நெருக்கியடித்து இறுகியிருக்கும் மூலக்கூறு அது. காற்றுப் பட்டாலே தீப்பற்றும். உடலுக்குள் போனால் கல்லீரலைச் சிதைக்கும். ஒரு காலத்தில் தீக்குச்சி முனையில் இதைத்தான் வைத்தார்கள், தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகியது. இந்தியாவில் அந்தத் தீக்குச்சிகளைத் தடை செய்யும் சட்டம் வந்தது 1913இல், மோஸ்லி எக்ஸ் கதிர்களை அளந்துகொண்டிருந்த அதே ஆண்டில். இன்றைய சிவகாசித் தீப்பெட்டியின் பக்கவாட்டில், குச்சியை உரசும் பட்டையில் இருப்பது செம் பாஸ்பரஸ். அதே 15 புரோட்டான், அதே 15 எலெக்ட்ரான். அணுக்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டிருப்பதால் சாது. வெண் பாஸ்பரஸின் சகோதரனான மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசையாகப் பெட்டிக்கடை வரை வந்து, பல உயிர்களைக் குடித்து, 2022-23இல் தமிழ்நாட்டு அரசின் தடைக்கு ஆளானது.

வயது வந்த ஒருவரின் உடலில் சுமார் 700 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. அதில் பெரும் பகுதி எலும்பிலும் பல்லிலும். நான்கு ஆக்ஸிஜன் அணுக்கள் சூழ, பாஸ்பேட் என்ற வடிவில் அது அமைதியாகக் குடியிருக்கிறது. பயிருக்கும் அது வேண்டும். விவசாயி தூக்கிவரும் டி.ஏ.பி. மூட்டையில் இருப்பதும் பாஸ்பேட்தான். உரக்கடையின் ஒரு மூலையில் அந்த மூட்டை, எதிர் அலமாரியில் மோனோகுரோட்டோபாஸ் பாட்டில். இரண்டுக்கும் நடுநாயகம் பாஸ்பரஸ் அணு.

பாட்டிலில் இருக்கும் பாஸ்பரஸ் எப்படிக் கொல்கிறது? நரம்பு தசைக்கு உத்தரவு அனுப்பும்போது அசெட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. உத்தரவு நிறைவேறியதும் அதைத் துடைத்தெடுக்க ஒரு நொதி காத்திருக்கிறது. அந்த நொதியின் வேலை நடக்கும் இடத்தில் ஓர் ஆக்ஸிஜன் அணு இருக்கிறது. மோனோகுரோட்டோபாஸின் பாஸ்பரஸ் அணு நேராகச் சென்று அந்த ஆக்ஸிஜனோடு பிணைந்துகொள்கிறது. பூட்டின் துவாரத்தில் உடைந்த சாவி சிக்கியது போல நொதி முடங்கிவிடும். துடைப்பார் இல்லாமல் அசெட்டைல்கோலின் குவியும். வாயில் நுரையும் எச்சிலும் பெருகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், நுரையீரலில் நீர் சுரக்கும், மூச்சுத் தசைகள் துவளும். பூச்சிக்கும் இந்த நொதி உண்டு, மனிதனுக்கும் உண்டு. நஞ்சுக்கு ஆள் பார்க்கத் தெரியாது.

நஞ்சை எதிர்ப்பதும் அதே வேதியியல்தான். அட்ரோபின் ஊசி குவிந்த அசெட்டைல்கோலினின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தி மூச்சைக் காக்கிறது. பிராலிடாக்ஸைம் என்ற மருந்து, நொதியோடு ஒட்டிய பாஸ்பரஸைத் தன் பக்கம் இழுத்து நொதியை விடுவிக்க முயல்கிறது. ஆனால் சில மணி நேரம் கடந்தால் அந்தப் பிணைப்பு இறுகி, பிரிக்க முடியாததாகிவிடும். மலைக் கிராமத்திலிருந்து அட்ரோபினும் செயற்கை சுவாசக் கருவியும் உள்ள ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பது உயிர் போகிற கேள்வியாவது இதனால்தான்.

சுள்வாடி முதல் சம்பவம் அல்ல. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில், கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் இருந்தது இதே மோனோகுரோட்டோபாஸ். காய்கறிகளுக்கு இதைத் தெளிக்கக் கூடாது என்று இந்தியா 2005இலேயே சொல்லியிருந்தது. பருத்திக்கும் நெல்லுக்கும் என்ற பெயரில் விற்பனை தொடர்ந்தது. பல நாடுகள் எப்போதோ கைகழுவிய இந்த நஞ்சின் 36 சதவீதக் கரைசலுக்கு மத்திய அரசு தடை ஆணை பிறப்பித்தது 2023இல். அப்போதும் இருக்கிற சரக்கு தீரும் வரை விற்க அவகாசம் தரப்பட்டது.

சட்டம் மெதுவாக வருகிறது. அறிவாவது முன்னால் போக வேண்டும். தமிழில் இதற்கெல்லாம் 'பூச்சி மருந்து' என்று பெயர். நஞ்சை மருந்து என்று கூப்பிட்டுப் பழகிய வீட்டில் அந்தப் பாட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்திலும் இருக்கும், காலியான பின் எண்ணெய் பிடிக்கவும் உதவும். இன்னொரு பக்கம், 'கெமிக்கல் இல்லாதது' என்று விளம்பரம் செய்து விலையை ஏற்றுகிறார்கள். கெமிக்கல் இல்லாத பொருள் உலகில் எதுவும் இல்லை. தண்ணீரும் கெமிக்கல், தாய்ப்பாலும் கெமிக்கல். இதில் எந்தத் தனிமம் இருக்கிறது என்று மட்டும் கேட்டால் பதில் பாதிதான் கிடைக்கும். அது எதோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்று கேட்டால்தான் மீதி கிடைக்கும்.

படிக்கத் தெரியாதவருக்காகவும் பாட்டிலில் ஒரு பாடம் இருக்கிறது. லேபிளில் சாய்சதுரம் ஒன்று, அதன் கீழ்ப்பாதியில் நிறம். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சைகூட நஞ்சுதான், வேகம் குறைவு, அவ்வளவே. மோனோகுரோட்டோபாஸின் நிறம் சிவப்பு. காலிப் பாட்டிலைத் துளையிட்டுப் புதைக்க வேண்டும், வீட்டுக்குள் திரும்ப வரக் கூடாது. இந்த நான்கு நிறங்களை ரேஷன் கடைச் சுவரிலும் கோயில் மடப்பள்ளி வாசலிலும் எழுதி வைக்க எந்தக் கமிட்டியும் கூட வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் பொறுப்பு உண்டு. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து தனிமங்களின் வகைப்பாடு பற்றிய அத்தியாயத்தை என்.சி.இ.ஆர்.டி. எடுத்துவிட்டது 2023இல் பெரும் சர்ச்சையானது. பதினொன்றாம் வகுப்பில் அது விரிவாகவே இருக்கிறது என்று பதில் வந்தது. உண்மைதான். ஆனால் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு வயலில் இறங்கும் பையனுக்குப் பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் கிடைக்காது. பாட்டில் மட்டும் கிடைக்கும்.