பருந்தின் கூடும் காமிராவும்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகள் எழும்பிய நாள்முதல் நம் பங்குகளில் இளைஞர் தொகை பெருகியிருக்கிறது. வாரம் முழுதும் எந்திரங்களோடு உழைக்கும் அவர்களுள் சிலர், ஞாயிறு திருப்பலி முடிந்ததும், தவணையில் வாங்கிய காமிராவும் நீண்ட டெலிபோட்டோ லென்சுமாக ஏரிக்கரைகளுக்குப் புறப்படுகின்றனர். மதுக்கடைப் பக்கம் போகாமல் பறவை பார்க்கப் போகிறார்களே என்று நாம் மகிழ்கிறோம். ஆயினும், கூடுகட்டும் காலத்தைக் குறித்து அவர்களோடும் அவர்தம் பெற்றோரோடும் சிறிது பேச வேண்டியிருக்கிறது.

செம்பருந்தை எடுத்துக்கொள்வோம். நம் இந்துச் சகோதரர் கருடன் என்று கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வது இப்பறவையைத்தான். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நீர்நிலைக்கு அருகே உயர்ந்த மரத்தில் சுள்ளிகளால் கூடு கட்டும். பெரும்பாலும் இரண்டே முட்டைகள். அடைகாப்பது ஏறக்குறைய 4 வாரம். பொரித்த குஞ்சு பறப்பதற்கு மேலும் ஆறேழு வாரம். ஓர் ஆண்டின் பிள்ளைப்பேறு முழுவதும் அந்த ஒரு கூட்டில் அடங்கியிருக்கிறது.

அண்மையில் இளைஞர் ஒருவர் தாம் எடுத்த படத்தை நம்மிடம் காட்டினார். கூட்டின் மேல் பருந்து எழுந்து நின்று, சிறகை விரித்து, அலகைத் திறந்து, காமிராவையே நோக்குகிறது. “எவ்வளவு கம்பீரம் பாருங்கள், ஃபாதர்!” என்றார். அது கம்பீரமன்று, அச்சம். எத்தனை அடி தொலைவில் நின்றீர் என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டார்.

தாய் எழுந்துவிட்டால் நேர்வது என்ன? பங்குனி வெயில் முட்டையின் மேல் நேராக விழுகிறது. காகம் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கிறது. இரை கொண்டுவரும் துணைப்பறவை இறங்க அஞ்சி வானில் வட்டமிடுகிறது. படத்துக்குத் தடையென்று கிளையை ஒடிப்பவரும் உண்டு. அந்த இலைகள்தாம் குஞ்சுக்கு நிழல், அவையே மறைவும்.

இதில் ஒரு விந்தை உண்டு. 600 மில்லிமீட்டர் லென்ஸ், சாதாரண 50 மில்லிமீட்டர் லென்சைவிடப் பன்னிரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும். 60 மீட்டருக்கு அப்பாலுள்ள பருந்து 5 மீட்டரில் இருப்பதுபோல் படத்தில் விழும். தள்ளி நிற்பதற்கென்றே செய்த கருவி இது! ஆனால் சட்டம் நிறையவில்லையே என்று பத்தடி, கானலில் உருவம் நடுங்குகிறதே என்று இன்னும் பத்தடி என நெருங்கிச் செல்கிறோம்.

இங்கிலாந்தில் எரிக் ஹாஸ்கிங் என்னும் புகழ்பெற்ற பறவைப் படக்கலைஞர் இருந்தார். 1937-இல் ஆந்தைக் கூட்டைப் படமெடுக்க இரவில் மறைவிடத்துக்குச் சென்றபோது, தாய் ஆந்தை பாய்ந்து தாக்கியதில் இடக்கண்ணை இழந்தார். அவரோ பொறுமைசாலி, மறைவிடத்தைப் பல நாட்களாகச் சிறிது சிறிதாக நகர்த்திப் பறவையைப் பழக்கிய பிறகே படமெடுப்பவர். அவருக்கே அந்த நிலை. அந்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரிய பறவைகள் சிலவற்றின் கூட்டருகே படமெடுக்க உரிமம் பெற வேண்டும். நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ, பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதை ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது. துப்பாக்கி வேண்டுமென்பதில்லை.

இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். முட்டைமேலோ குஞ்சுமேலோ அமர்ந்திருக்கும் தாய்ப்பறவையைக் குஞ்சுகளோடு சேர்த்துப் பிடிக்கலாகாது என்று அங்கே கட்டளையிடப்பட்டிருக்கிறது. கைக்கொள்வோர்க்கு நலமும் நீடிய வாழ்நாளும் வாக்களிக்கப்படுகின்றன. தாய் தந்தையைப் போற்றுவோர்க்கு அதே நூலின் 5-ஆம் அதிகாரம் தரும் வாக்குறுதியும் இதுவே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவ்தாத்தோ சி’ சுற்றுமடலின் 68-ஆம் பத்தியில் இந்தக் கூட்டுச் சட்டத்தை எடுத்துக்காட்டியுள்ளார்.

ஆதலால் இளைஞர்களே, தாய் எழுந்து நின்றாலோ கத்தினாலோ உடனே பின்வாங்குங்கள். கூடு இருக்கும் இடத்தைக் கைப்பேசியில் பரப்ப வேண்டா. ஒருவர் ஒதுங்கி நின்றாலும் பின்னே வரும் இருபது பேர் ஒதுங்கமாட்டார்கள். குஞ்சுகள் பறந்த பின், செம்பரம்பாக்கம் ஏரியில் பருந்து மீனைக் கவ்வி எழுவதைக் கரையிலிருந்தே எடுக்கலாம். அத்தகைய படங்களுக்கு நம் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். பெயரை எழுதித் தாருங்கள். கூட்டுப் படம் மட்டும் வேண்டா.