கூட்டல் வேறு, புணர்ச்சி வேறு

சி மொழியில் இரு சரங்களை இணைக்கக் கற்பிக்கும்போது 'ஹலோ', 'வேர்ல்டு' என்ற சொற்களையே எடுத்துக்காட்டாகத் தருவது மரபாகிவிட்டது. தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் சித்தூர், திருப்பதி வகுப்பறைகளிலாவது இது மாற வேண்டும் என்பேன். அவ்விரு ஊர்ப்பெயர்களே போதிய பாடம்.

ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டும் எட்டெட்டு எழுத்து, எட்டெட்டு பைட்டு. யூடிஎஃப்-8 முறையிலோ தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும். 'சித்தூர்' நமக்கு நான்கெழுத்து; கணினிக்கு எட்டுக் குறியீடு, 24 பைட்டு. 'திருப்பதி' ஐந்தெழுத்து, ஒன்பது குறியீடு, 27 பைட்டு. இரு நீளங்களையும் கூட்டி, முடிவைக் காட்டும் சுழியத்துக்காக ஒன்று சேர்த்து நினைவகம் ஒதுக்குக என்பது பாடநூல் விதி. அவ்விடம் போதுமா என்று 'ஸ்டிரகேட்' பார்ப்பதில்லை.

இனி 9 பைட்டு நீளமுள்ள 'இல்' உருபைச் சேர்ப்போம். 'சித்தூர்' 33 ஆக வேண்டும். 'சித்தூரில்' என்பதோ 30 தான். புள்ளி மறைந்து, இகரம் உயிர்க்குறியாகிவிடுகிறது. நன்னூல் வழியில் இது இயல்பு புணர்ச்சி, நினைவகத்துக்கு இயல்பன்று. 'திருப்பதியில்' யகர உடம்படுமெய் தோன்றுவதால் 36க்கு மாறாக 39 வேண்டும். விதிப்படி ஒதுக்கிய 37 பைட்டில் இதை எழுதினால் மூன்று பைட்டு அண்டை நினைவகத்தை அழிக்கும். காவலாக 32 பைட்டு அணியும் 'எஸ்என்பிரின்ட்எஃப்' செயற்கூறும் கொண்டால் வழிதல் நேராது. ஆனால் 'திருப்பதிய' என்பதை அடுத்து, ஒரு குறியீட்டின் முதல் பைட்டு மட்டும் முறிந்து தொங்கும்.

தெலுங்கில் இத்தொல்லை இல்லை. அங்கே இவ்விரு பெயர்களும் உயிரில் முடிகின்றன. மெய்யில் தொடங்கும் 'லோ' உருபு மாற்றமின்றி ஒட்டுகிறது. 24உம் 6உம் 30; 21உம் 6உம் 27. (தெலுங்கு சந்தியற்ற மொழி என்று இதற்குப் பொருளில்லை, அதன் சந்திகள் வேறிடங்களில் காத்திருக்கின்றன.) ஆகவே தெலுங்கில் சோதித்துச் சரியெனக் கண்ட நிரல், அதே ஊரின் தமிழ்ப் பெயரில் தவறும்.

பைத்தானுக்கு மாறுங்கள் என்பர். நினைவகக் கவலை நீங்கும். 'திருப்பதிஇல்' அப்படியே இருக்கும்.

அதற்காக 'ஸ்டிரகேட்' செயற்கூறுக்கு இலக்கணம் புகட்டுவதையும் நான் ஏற்கவில்லை. அடிநிலை மொழி பைட்டுகளை அடுக்கட்டும். புணர்ச்சி அதற்கு மேல் தனி அடுக்காக இருந்து, விளையும் சொல்லின் நீளத்தை முதலில் கணித்து, பின்னரே நினைவகம் கேட்க வேண்டும். தோன்றல், திரிதல், கெடுதல் என மாணவர் மனப்பாடம் செய்வதை இப்படி எழுதிப் பார்க்க, தமிழ்த்துறையும் கணினித்துறையும் ஒரு வகுப்பையேனும் சேர்ந்து நடத்தினால் என்ன?

திராவிடப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள குப்பமும் சித்தூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 'குப்பம்' 21 பைட்டு. மகரம் கெட்டு அத்துச் சாரியை வரும்போது 'குப்பத்தில்' 30க்கு மாறாக 33 ஆகும். முதல் பயிற்சிக் கணக்காக இதையே கொடுக்கலாம்.