தொடாவிட்டால் ஆபத்தில்லையா?

மாணவர்களே, 2020-இல் கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த அகச்சிவப்பு வெப்பமானியின் இனக்கருவிகள் தொழிற்சாலைகளிலும் உண்டு. கையைச் சுடாது என்பதாலேயே அதைப் பாதுகாப்பான கருவி என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ரேயான் ஆலையை எடுத்துக்கொள்வோம். அங்கே பயன்படும் கார்பன் டைசல்பைடின் ஆவி, 100° செல்சியசை ஒட்டிய சூட்டிலேயே பொறியின்றிப் பற்றிக்கொள்ளும். காப்பு சிதைந்த நீராவிக் குழாயின் பளபளப்பான அலுமினிய உறை 120° வரை சூடேறியிருக்கட்டும். கருவி 45°கூடக் காட்டாது! ஏன்? அது அளப்பது வெப்பநிலையை அன்று; வந்து விழும் கதிர்வீச்சை. மெருகேறிய அலுமினியத்தின் உமிழ்திறன் ஏறத்தாழ 0.1தான். கருவியோ 0.95 என்று வைத்துக் கணக்கிடுகிறது. அதற்கு வந்து சேர்வதில் பெரும்பகுதி, குளிர்ந்த சுவர்களின் கதிர்கள் உறையில் பட்டுத் திரும்புவதே. உறையில் ஓரிடத்தில் மங்கலான கறுப்பு வண்ணம் பூசி அங்கே அளந்தால் இந்தப் பிழை பெரிதும் குறையும். (குழாய் ஆறியிருக்கும்போது பூச வேண்டும்!)

கருவிக்குள் மின்கலமும் இருக்கிறது. விசையை அழுத்துகையில் எழும் சிறு பொறியே அந்த ஆவிக்குப் போதும். பழுதுபட்டாலும் தீமூட்டும் அளவு ஆற்றலை வெளிவிடாதபடி அமைத்து, அந்த ஆவிக்கு ஏற்றதெனச் சான்று பெற்ற கருவியே அங்கே போகலாம். விலை கூடுதல்தான், அது சாக்காகாது. சான்றில்லாத கருவியை வாயிலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். தீப்பெட்டியை அப்படித்தானே வாங்கி வைக்கிறார்கள்?