பூட்டும் வேண்டும், சாவியும் நம் கையில் வேண்டும்!

சென்ற ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீசில் பஞ்சாலைத் தோழர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். மகளின் படிப்புக்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். மெதுவாக ஓடுகிறதே என்று ரிப்பேர் கடைக்குக் கொண்டு போனாராம். கடைப் பையன் அப்டேட்டை நிறுத்தினான், ஃபயர்வாலையும் அணைத்தான், "இனி ஒரு தொந்தரவும் இல்லை" என்று சொல்லி இருநூறு ரூபாய் வாங்கிக் கொண்டான்.

"இது சரிதானா, தோழர்?" என்றார் அவர்.

சரியில்லை. இரண்டையும் இன்றைக்கே திரும்பப் போட்டுவிடுங்கள் என்றேன். நான் பெரிய படிப்பாளி அல்ல, எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். ஆனால் சங்கக் கணக்கையும் நோட்டீசையும் பத்து வருஷமாக இந்த யந்திரத்தில்தான் பார்த்து வருகிறேன். இந்த விஷயத்தை நம் ஜனங்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

நண்டு வளையும் வரப்பும்

அப்டேட் என்றால் என்ன? கம்ப்யூட்டரை ஓட்டும் புரோகிராமில் ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் அப்டேட்டின் முதல் வேலை. வரப்பில் நண்டு வளை விழுந்தால் விவசாயி என்ன செய்கிறான்? அன்றைக்கே மண்ணை வைத்து அடைக்கிறான். விட்டால் வயல் தண்ணீர் முழுதும் போய்விடும். இதிலும் அப்படித்தான்.

2003 ஜூலையில் மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸில் ஓர் ஓட்டையை அடைக்க அப்டேட் வெளியிட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற கிருமி அதே ஓட்டை வழியாகப் புகுந்து உலகமெங்கும் கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்தது. அடைப்பு வந்தும் போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

2017இல் நடந்தது இதைவிடக் கொடுமை. அமெரிக்க சர்க்காரின் உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ. விண்டோஸில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தது. கண்டதும் ஊருக்குச் சொன்னதா? இல்லை! பிறர் யந்திரத்துக்குள் நுழைய அதையே ஆயுதமாக்கி வைத்துக்கொண்டது. அந்த ஆயுதம் களவு போய் 2017 ஏப்ரலில் அம்பலமாயிற்று. மார்ச் 14ஆம் தேதியே மைக்ரோசாப்ட் அடைப்பு கொடுத்திருந்தது. போடாமல் விட்டவர்கள் ஏராளம். மே 12ஆம் தேதி 'வான்னாக்ரை' என்ற கிருமி கிளம்பியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டு, "300 டாலர் கொடு, திறக்கிறேன்" என்று மிரட்டியது. இங்கிலாந்தில் பொது மருத்துவமனைகளில் வைத்தியமே தடைப்பட்டது. உளவுக்காரன் செய்த பாவத்துக்கு நோயாளி தண்டனை அனுபவித்தான்.

கேட்டில் நிற்கும் காவலாளி

ஃபயர்வால் என்பது மில் கேட்டில் நிற்கும் காவலாளி மாதிரி. வெளியிலிருந்து அழையாமல் வருகிறவனை அவன் நிறுத்துகிறான். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே இந்தக் காவலாளி உண்டு. ஆனால் அவனைத் தூங்க வைத்துத்தான் கம்பெனி விற்றது! பிளாஸ்டர் வந்து அடித்த பிறகுதான், 2004 ஆகஸ்டில், அவனை எழுப்பி நிறுத்தினார்கள். இந்தக் காவலாளியைத்தான் கடைப் பையன் வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

இன்னொரு விஷயத்தையும் மறந்துவிடக் கூடாது. இந்தக் காவலாளி உள்ளே வருகிறவனைத்தான் தடுப்பான். வெளியே போகிற மூட்டையை, தனியாகச் சொல்லி வைத்தாலொழிய, அவிழ்த்துப் பார்க்க மாட்டான். அதாவது, கம்ப்யூட்டரே நம் சங்கதிகளைக் கம்பெனிக்கு அனுப்பினால் ஃபயர்வால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே அதைத் தடுக்க வேறு வழி பார்க்க வேண்டும்.

ஜனங்களின் கோபம் எங்கிருந்து வந்தது?

"அப்டேட்டே வேண்டாம்" என்று ஜனங்கள் சலித்துக்கொள்கிறார்களே, அது வெறும் அறியாமையா? இல்லை. அந்தச் சலிப்பை உண்டாக்கியது கம்பெனிதான்.

2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தது. பழைய விண்டோஸ் வைத்திருந்தவர்களை அதற்கு மாற்றக் கம்பெனி படாத பாடு பட்டது. 2016இல் அந்த அறிவிப்பு திரையில் வரும்போது, மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினால், "வேண்டாம்" என்று அர்த்தமில்லை. "சரி" என்று அர்த்தம் செய்துகொண்டார்கள்! கதவைச் சாத்தியவனைப் பார்த்து "வரச் சொன்னாயே" என்பது போல் இல்லையா? கலிபோர்னியாவில் சுற்றுலா ஏஜென்சி நடத்திய ஒரு பெண், தான் கேட்காமலே மாற்றிவிட்டதால் தொழில் கெட்டது என்று கோர்ட்டுக்குப் போனார். 10,000 டாலர் கிடைத்தது. தங்கள்மீது தவறில்லை என்று சொல்லிக்கொண்டே கம்பெனி அப்பீலை வாபஸ் வாங்கியது.

ஓட்டையை அடைக்கும் மண்ணோடு விளம்பரத்தையும், வேவு பார்ப்பதையும், கட்டாய மாற்றத்தையும் ஒரே கூடையில் போட்டு அனுப்பினால் ஜனங்கள் கூடையையே தள்ளிவிடத்தான் பார்ப்பார்கள். மருந்தில் கலப்படம் செய்தவன், நோயாளி மருந்து குடிக்கவில்லை என்று குறை சொல்லலாமா?

இதில் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. பெரிய நிறுவனங்களுக்கென்று விற்கிற விண்டோஸில், கம்பெனிக்குப் போகும் தகவலை முழுதும் நிறுத்த வழி இருக்கிறது. வீட்டுக்காரன் வாங்கும் 'ஹோம்' பதிப்பிலோ கொஞ்சம் குறைக்கலாம். முழுதாக நிறுத்த முடியாது. நிறுத்த முடியாதது தொழில் நுட்பத்தின் கோளாறா? இல்லை. முதலாளிக்குக் கொடுத்த உரிமையைத் தொழிலாளி வீட்டுக்குக் கொடுக்க மனமில்லை. அவ்வளவுதான்!

நாம் செய்ய வேண்டியது

ஆகவே கடைப் பையன் சொன்ன வழி வேண்டாம். செட்டிங்ஸில் போய்ப் பாருங்கள். அப்டேட்டை நிறுத்தாதீர்கள், நேரத்தை நீங்கள் வையுங்கள். எந்த நேரம் வேலை செய்கிறீர்கள் என்று 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்ற இடத்தில் குறித்தால் அந்த நேரத்தில் தானாக அணைந்து எழாது. பரீட்சை, விண்ணப்பம் என்று அவசரம் இருந்தால் சில வாரம் தள்ளிப்போடலாம். வீட்டுப் பதிப்புக்கு இந்த உரிமையை 2019இல்தான் கொடுத்தார்கள்.

'பிரைவசி' பகுதியில் 'ஆப்ஷனல் டயக்னாஸ்டிக்' தகவலையும், விளம்பரத்துக்கான 'அட்வர்டைசிங் ஐடி'யையும் அணைத்துவிடுங்கள். இடம், காமிரா, மைக் ஆகியவற்றை எந்தப் புரோகிராம் தொடலாம் என்பதையும் அங்கேயே தீர்மானிக்கலாம். ஃபயர்வால் எப்போதும் ஓடட்டும். டீக்கடை, பஸ் ஸ்டாண்டு போன்ற பொது வைஃபையில் சேரும்போது 'பப்ளிக்' என்றே வையுங்கள். ஏதாவது புரோகிராம் அனுமதி கேட்டால், அது என்னவென்று தெரியாதபோது மறுத்துவிடுங்கள்.

விண்டோஸ் 10க்கு வழக்கமான அடைப்பு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. பழைய யந்திரங்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. நல்ல யந்திரத்தைக் குப்பையில் போட வேண்டியதில்லை. விலையில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் போட்டால் பெரும்பாலும் நன்றாகவே ஓடும். அடைப்பும் ஒழுங்காக வரும். தெரிந்த மாணவரைக் கூப்பிட்டு, முக்கியமான ஃபைல்களை நகல் எடுத்து வைத்த பிறகு மாற்றச் சொல்லுங்கள்.

தனி ஆள் போதாது

ஆனால் வீட்டுக்கு வீடு பொத்தானை அழுத்துவதோடு காரியம் முடியவில்லை. 2016 ஜூலையில் பிரான்ஸ் நாட்டின் தகவல் பாதுகாப்பு ஆணையம் மைக்ரோசாப்டுக்கு நோட்டீஸ் விட்டது: "தேவைக்கு மேல் தகவல் சேகரிக்கிறாய், மூன்று மாதத்தில் திருத்திக்கொள்!" கம்பெனி அடிப்படை நிலையில் சேகரிக்கும் தகவலை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. 2017 ஜூனில்தான் ஆணையம் அந்த நோட்டீசை முடித்தது. கேட்கிறவன் கேட்டால் கொடுக்கிறார்கள்!

நம் நாட்டிலும், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமை காகிதத்தில் மட்டும் இருந்தால் போதுமா? பாதுகாப்பு அடைப்பைத் தனியாகக் கொடு. விளம்பரத்தை அதில் கலக்காதே. தகவலை நிறுத்தும் உரிமையை ஏழை வீட்டுக்கும் கொடு. இவை நியாயமான கோரிக்கைகள். இவற்றை நாம் கேட்க வேண்டும்; சேர்ந்து கேட்க வேண்டும்.

அந்தத் தோழர் அன்று மாலையே மகளோடு உட்கார்ந்து காவலாளியைத் திரும்ப வேலைக்கு வைத்துவிட்டார். வியர்வை சிந்திச் சம்பாதித்த காசில் வாங்கிய யந்திரம். அதன் கதவுக்குப் பூட்டும் வேண்டும். சாவியும் நம் கையில் இருக்க வேண்டும்.